அடிக்குறிப்பு மகாத்மியம்

பல்கலைக்கழகம் என்பது எல்லாவற்றையும் படித்து முடித்தவர்கள் கூடியிருக்கும் இடம். அவர்கள் படிக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: பக்கத்தின் அடியிலோ புத்தகத்தின் பின்னாலோ பொடி எழுத்தில் கிடக்கும் அடிக்குறிப்பு. அந்தச் சின்னச் சோம்பேறித்தனத்துக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 1970-இல் என்ன விலை கொடுத்தன என்பதைச் சொல்வதே இந்த மகாத்மியம். படிப்பவர்களுக்குப் புண்ணியம் கிடைக்குமா என்று உத்தரவாதம் தர முடியாது. வயிற்றெரிச்சல் நிச்சயம், நடுநடுவே கொஞ்சம் சிரிப்பும் உண்டு.

பூர்வ கதை

கதாநாயகி மேடைக்கு வருமுன் பூர்வ கதை கொஞ்சம்.

1944. பாலி மர்ரி என்ற கறுப்பினப் பெண், வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினார். அங்கே முதலாவதாக வருகிறவர் மேற்படிப்புக்கு ஹார்வர்ட் போவது வழக்கம். மர்ரியும் விண்ணப்பம் போட்டார். நீங்கள் எங்கள் சட்டக் கல்லூரியில் சேரத் தகுந்த பாலினம் இல்லை என்று ஹார்வர்டிலிருந்து பதில் வந்தது. அதுவரை தோலின் நிறத்துக்காகக் கதவடைப்பு வாங்கிப் பழகியிருந்த மர்ரிக்கு இது புது ரகம்.

சிபாரிசுக்கும் குறைவில்லை. ஹார்வர்டிலேயே படித்தவரான அதிபர் ரூஸ்வெல்ட், மர்ரிக்காகக் கடிதம் எழுதினார். நம்மூரில் வட்டச் செயலாளர் தலையை ஆட்டினாலே சில கதவுகள் திறந்துவிடும். அங்கே உலகப் போரை நடத்திக்கொண்டிருந்த மனிதரின் கடிதம் செல்லாக்காசாகிப் போனது. மர்ரி விடவில்லை, மேல்முறையீடு எழுதினார். உங்கள் விதிக்குப் பொருந்துமாறு பாலினத்தை மாற்றிக்கொள்ள எனக்கு மனப்பூர்வ சம்மதம்தான், ஆனால் அதற்கான வழி இதுவரை எனக்குப் புலப்படவில்லை, ஆகவே நீங்கள் உங்கள் மனத்தை மாற்றிக்கொள்ளுங்கள், அதுவும் அத்தனை கஷ்டமா என்று கேட்டார். கஷ்டம்தான் போலிருக்கிறது. ஹார்வர்ட் சட்டக் கல்லூரி மனத்தை மாற்றிக்கொள்ள 1950 ஆனது.

மாற்றிக்கொண்ட மனமும் அரைமனம்தான். 1956-இல் அங்கே சேர்ந்த பெண்கள் ஒன்பது பேர். முதல்வர் அவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தார். விருந்து முடிந்ததும், ஓர் ஆண் உட்கார வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்களே, ஏன் என்று ஒவ்வொருவரிடமும் விளக்கம் கேட்டார். சாப்பாடு போட்டுவிட்டுக் கேட்ட கேள்வி. அந்த ஒன்பதில் ஒருவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். கணவர் இங்கே இரண்டாம் ஆண்டு படிக்கிறார், அவர் வேலையைப் புரிந்துகொள்ள உதவுமே என்று வந்தேன் என ஏதோ சொல்லிச் சமாளித்தார். பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர். 1963-இல் அவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலைக்குப் போனபோது சம்பளத்தைக் குறைத்தார்கள். காரணம், கணவருக்கு நல்ல வேலை இருக்கிறதாம். ஆக, கணவர் படிக்கிறார் என்று சொன்னால் இடத்துக்கு நியாயம் ஆகிறது, கணவர் சம்பாதிக்கிறார் என்று தெரிந்தால் சம்பளத்தில் கைவைக்க நியாயம் ஆகிறது. பெண் எங்கே போனாலும் கணவரின் பயோடேட்டாவும் கூடவே போனது.

மரியா கோப்பர்ட் மேயர் கதை இன்னும் விசேஷம். கணவர் வேலை பார்க்கும் இடத்தில் மனைவிக்குப் பேராசிரியர் பதவி கூடாது என்ற விதிகளால், இந்த இயற்பியல் மேதை பல ஆண்டுகள் சம்பளமில்லாத உபகாரியாகவே பல்கலைக்கழகங்களில் உழைத்தார். சிகாகோவில் பேராசிரியர் என்ற பட்டம் உண்டு, சம்பளம் மட்டும் கிடையாது. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் முழுச் சம்பளத்தோடு பேராசிரியர் நாற்காலி கிடைத்தபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1963-இல் நோபல் பரிசு வாங்கினார். உள்ளூர்ப் பத்திரிகை பூரித்துப் போய்த் தலைப்புப் போட்டது: சான் டியேகோ தாய்க்கு நோபல் பரிசு. அணுக்கருவின் உள்ளமைப்பைக் கண்டுபிடித்தது பத்திரிகைக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பிள்ளை பெற்றதுதான் சாதனை.

ஹார்வர்டில் லமாண்ட் நூலகம் என்று ஒன்று உண்டு. 1949-இல் திறந்தது. இளங்கலை மாணவர்களுக்கான நூலகம். மாணவர்கள் என்றால் ஆண்கள். பெண்கள் உள்ளே வர 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே, வியட்நாம் போருக்கு முதுகலை மாணவர்களையும் ஆள் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. ஹார்வர்டின் தலைவர் புசி கலங்கிப் போனார். இனி நமக்கு மிஞ்சப் போவது குருடரும் முடவரும் பெண்களும்தான் என்று புலம்பினார். அறிவாலயத்தின் தலைமைப் பூசாரியே இப்படி அர்ச்சனை செய்தால், மற்றவர்களைச் சொல்லி என்ன?

சட்டத்தில் நான்கு ஓட்டைகள்

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. பல்கலைக்கழக வாசலுக்கு வந்ததும் அது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

1963-இன் சம ஊதியச் சட்டம் நிர்வாகிகளுக்கும் தொழில்முறை வல்லுநர்களுக்கும் பொருந்தாது. பேராசிரியை வல்லுநர் ஆயிற்றே, ஆகவே அவருக்குச் சம ஊதியம் கிடையாது. கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கு உள்ள பாதுகாப்பு வேதியியல் பேராசிரியைக்கு இல்லை. 1964-இன் குடிமை உரிமைச் சட்டத்தில் வேலைவாய்ப்பு பற்றிய ஏழாம் பிரிவு, கல்வி நிறுவனங்களில் கற்பிப்பவர்களுக்கு விலக்கு கொடுத்தது. அரசு நிதி பெறும் திட்டங்களைப் பற்றிய ஆறாம் பிரிவில் இனம், நிறம், பூர்விக நாடு எல்லாம் இருந்தன, பாலினம் இல்லை. அரசியல் சாசனத்தின் பதினான்காம் திருத்தம் இருந்தது. ஆனால் கல்வியில் பெண்ணுக்கு இழைத்த பாகுபாட்டை அதன்படி உச்ச நீதிமன்றம் அதுவரை தட்டிக் கேட்டதே இல்லை.

அந்த ஏழாம் பிரிவில் பாலினம் என்ற சொல் நுழைந்ததே தனிக் கூத்து. 1964 பிப்ரவரி 8. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழவையில், வர்ஜீனியா உறுப்பினர் ஹோவர்ட் ஸ்மித், கறுப்பர்களுக்கு உரிமை தரும் மசோதாவை ஜென்ம விரோதியாகக் கருதிய மனிதர், எழுந்து நின்று ‘பாலினம்’ என்பதையும் சேர்க்க வேண்டும் என்றார். கூடவே ஒரு பெண்மணியின் கடிதத்தையும் வாசித்தார். நாட்டில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாகிவிட்டார்கள், எல்லோருக்கும் கணவன் கிடைக்க அரசு ஏதாவது செய்யக் கூடாதா என்று கேட்ட கடிதம். சபை வயிறு குலுங்கச் சிரித்தது. மசோதாவைக் கவிழ்க்கவே செய்தாரா, மனதாரவே செய்தாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றைக்கும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். மார்த்தா கிரிஃபித்ஸ் என்ற உறுப்பினர் எழுந்தார். பெண்கள் இரண்டாந்தரப் பிரஜைகள் என்பதற்குச் சாட்சி வேறு வேண்டுமா, உங்கள் சிரிப்பே போதும் என்றார். சிரிப்பு அடங்கியது. திருத்தம் நிறைவேறியது. குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் ஆன கதை.

ஆனால் அந்தப் பிள்ளையாருக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்குள் அனுமதி இல்லை.

ஒரு பெண்ணுக்கு நீங்கள் கொஞ்சம் ஓவர்

இப்போது கதாநாயகி வருகிறார். பெர்னிஸ் சாண்ட்லர். 1928-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர், இரண்டு பெண் குழந்தைகளின் தாய். 1969-இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அங்கேயே பகுதிநேரமாகப் பாடமும் நடத்திக்கொண்டிருந்தார். அவர் துறையில் ஏழு முழுநேர இடங்கள் காலியாயின. ஏழில் ஒன்றுக்குக்கூட அவர் பெயர் பரிசீலனைக்கு வரவில்லை. நண்பராகப் பழகிய சக ஆசிரியர் ஒருவரிடம் காரணம் கேட்டார். உங்கள் தகுதியில் குறையே இல்லை, ஆனால் உண்மையைச் சொன்னால் என்ன, ஒரு பெண்ணுக்கு நீங்கள் கொஞ்சம் ஓவர் என்று அந்த நண்பர் பதில் சொன்னார்.

சாண்ட்லர் வீட்டுக்குப் போய் அழுதார். துறைக் கூட்டங்களில் வாயைத் திறந்தது தப்போ, விவாதம் செய்தது தப்போ என்று தன்னையே நொந்துகொண்டார். கணவர் கேட்டார்:

“உங்க டிபார்ட்மெண்ட்ல ஓவரா பேசற ஆம்பளைங்க இருக்காங்களா?”

“எல்லாருமே அப்படித்தான்.”

“அப்ப பிரச்சினை நீ ஓவரா இருக்கறதுல இல்ல. நீ பொம்பளையா இருக்கறதுல.”

சாண்ட்லருக்கு இது அவ்வளவாக உறைக்கவில்லை. பெண்ணியவாதிகள் என்றால் ஆண்களை வெறுக்கும் அடங்காப்பிடாரிகள் என்று பத்திரிகைகள் எழுதியதை நம்பிக்கொண்டிருந்தவர் அவர். அடுத்து ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போனார். அந்த அதிகாரி ஏறக்குறைய ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். பெண்களை நான் வேலைக்கு வைப்பதில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்றார். சாண்ட்லரின் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக ஒரு வேலைவாய்ப்பு முகமைக்குப் போனார். அங்கிருந்தவர் விண்ணப்பத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்கள் வல்லுநர் எல்லாம் இல்லை, மறுபடி படிக்கப் போன ஓர் இல்லத்தரசி, அவ்வளவுதான் என்று தீர்ப்புச் சொன்னார். முனைவர் பட்டம் கையில் இருக்கிறது. இருந்தும் இல்லத்தரசி.

மூன்று அடி வாங்கியதும் கணவர் சொன்னது மெதுவாக உறைத்தது.

பொடி எழுத்து தரிசனம்

சாண்ட்லர் சாலையில் இறங்கிக் கோஷம் போடவில்லை. படித்தவர் செய்யும் காரியத்தைச் செய்தார், நூலகத்துக்குப் போனார். கறுப்பினத்தவர் பாகுபாட்டை எந்தெந்தச் சட்டங்களால் எதிர்த்தார்கள் என்று தேடிப் படித்தார். குடிமை உரிமை ஆணையத்தின் அறிக்கை ஒன்று கையில் சிக்கியது. அதிபர் ஜான்சன் 1965-இல் பிறப்பித்த 11246-ஆம் எண் ஆணையைப் பற்றி அதில் இருந்தது. மத்திய அரசிடம் ஒப்பந்தம் வாங்கும் நிறுவனங்கள் இனம், நிறம், மதம், பூர்விக நாடு பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது ஆணை. பக்கத்தில் ஒரு குறியீடு, அடிக்குறிப்பு பின்னால் இருக்கிறது என்று. சராசரி மனிதர் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போய்விடுவார். சாண்ட்லர் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவர், பின்பக்கத்துக்குப் போய்த் தேடினார். அந்த ஆணை 1967-இல் திருத்தப்பட்டு, 1968 அக்டோபர் முதல் பாலினப் பாகுபாட்டையும் தடை செய்கிறது என்று அங்கே பொடி எழுத்தில் போட்டிருந்தது.

பல்கலைக்கழகங்களுக்கு மத்திய அரசு ஒப்பந்தங்கள் உண்டு. அணு ஆராய்ச்சி, ராணுவ ஆராய்ச்சி, மருத்துவ ஆராய்ச்சி என்று கோடிக்கணக்கில் பணம். அப்படியானால் ஓராண்டுக்கும் மேலாக நாட்டின் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அதிபரின் ஆணையை மீறிக்கொண்டிருக்கின்றன, ஒருவருக்கும் தெரியவில்லை! தனியாக இருந்தும் வாய்விட்டுக் கத்திவிட்டதாக சாண்ட்லரே பிற்பாடு எழுதியிருக்கிறார். ஆர்க்கிமிடீஸ் போலத் தெருவில் ஓடவில்லை. போனை எடுத்தார்.

தொழிலாளர் துறையில் ஒப்பந்தக் கண்காணிப்பு அலுவலகத்துக்குப் பேசினார். வின்சென்ட் மக்கலூசோ என்ற அதிகாரி எடுத்தார். அம்மணி விஷயத்தைச் சொன்னதும் உடனே கிளம்பி வாருங்கள் என்றார். பாலினப் பாகுபாட்டுக்கு இந்த ஆணையைப் பயன்படுத்த யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்த மனிதர் அவர். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. அரசாங்கத்திடம் புகார் எப்படி எழுத வேண்டும் என்று அரசாங்க அதிகாரியே உட்கார்ந்து எழுதவைத்தார்.

புகாருக்கு ஓர் அமைப்பின் பெயர் வேண்டும். ஒஹையோவில் 1968-இல் தொடங்கிய ‘வீல்’ என்ற பெண்கள் சமத்துவச் செயற்கழகம் கிடைத்தது. கலகக்காரிகள் என்று பெயர் வாங்க விரும்பாத, பதவிசான பெண்மணிகளின் அமைப்பு. அதில் கல்வித்துறை ஒப்பந்தங்களைக் கவனிக்கும் குழு ஒன்று உண்டாக்கினார்கள். தலைவர் சாண்ட்லர். உறுப்பினர்கள்? அவரும் சாண்ட்லரே. கோரம் பிரச்சினை இல்லாத குழு. தீர்மானங்கள் எல்லாம் ஏகமனதாக நிறைவேறின.

1970 ஜனவரி 31 அன்று அந்த ஒற்றை ஆள் குழுவின் புகார் போயிற்று. ஏதோ ஒரு கல்லூரி மீது அல்ல, நாட்டிலுள்ள எல்லாப் பல்கலைக்கழகங்கள் மீதும். மேரிலாண்டுக்கு மட்டும் ஸ்பெஷல் கவனிப்பு. வீட்டுக்காரம்மா என்று ஒதுக்கியவர்களுக்கு வீட்டுக் கணக்கு எப்படிப் போடுவது என்று காட்டினார் அம்மணி.

தலை எண்ணும் படலம்

இந்தப் புகாரின் அழகே அதன் எளிமைதான். வக்கீல் வேண்டாம், நீதிமன்றக் கட்டணம் வேண்டாம். பாதிக்கப்பட்டவர் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். எண்ணிக்கை போதும். பல்கலைக்கழகங்களில் வேலை பார்த்த பெண்கள் தங்கள் துறையில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்தப் பதவியில் என்று எண்ணி சாண்ட்லருக்கு அனுப்பினார்கள். பெயரை வெளியே விட்டால் வேலை போய்விடும், ஆகவே எல்லாம் ரகசியம். சாண்ட்லர் அதைப் புகாராக்கி அனுப்புவார். நகல் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினருக்கும் போகும். உறுப்பினர்கள் தொழிலாளர் துறைக்குக் கடிதம் எழுதுவார்கள். அந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதவே அங்கே தனியாக ஆள் போட வேண்டியதாயிற்று. இப்படிச் சுமார் 250 நிறுவனங்கள் மீது புகார்கள் குவிந்தன.

எண்ணிக்கையில் என்ன தெரிந்தது? கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்குபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பெண். முதுகலைப் பிரிவின் நிரந்தரப் பேராசிரியர்களில் நூற்றுக்கு இரண்டே பேர் பெண்கள். மற்றவர்கள் எங்கே போனார்கள்? மேயரம்மா போல எங்கேயோ சம்பளமில்லாமல் உழைத்திருப்பார்கள், அல்லது இல்லத்தரசி என்ற பட்டத்தோடு வீட்டில் இருந்திருப்பார்கள். தகுதியுள்ள பெண்கள் கிடைப்பதில்லை என்று பல்கலைக்கழகங்கள் ஒரே குரலில் பாடின. பட்டம் கொடுத்தவர்கள் அவர்களேதான். கொடுத்த கையே தகுதி இல்லை என்று சொன்னால், சந்தேகம் பட்டத்தின் மேல் வர வேண்டுமா, பெண்ணின் மேல் வர வேண்டுமா?

இங்கே நம் வாசகருக்கு ஒரு விளக்கம். அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன் என்பது அந்த ஆணை நிறுவனங்களிடம் கேட்டதன் பெயர். அதைக் கேட்டதும் நமக்கு இடஒதுக்கீடு ஞாபகம் வரும். நூற்றுக்கு இத்தனை இடம், ரோஸ்டர், பட்டியல் என்று. அங்கே வந்தது அது இல்லை. ஐம்பது பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம் 50,000 டாலர் ஒப்பந்தம் வாங்கினால், ஆட்களை எண்ணு, எங்கே குறை என்று பார், குறையைத் தீர்க்க இலக்கும் காலக்கெடுவும் வைத்து எழுத்தில் திட்டம் கொடு என்பதுதான் அன்றைய விதி. இலக்கை எட்டாவிட்டாலும் மனதார முயன்றோம் என்று காட்டினால் தப்பிக்கலாம். இதற்குத்தான் வானமே இடிந்து விழுந்தது போலக் கூச்சல் போட்டார்கள்.

கூச்சலுக்கு உண்மைக் காரணம் வேறு. அதுவரை பேராசிரியர் வேலைக்கு ஆள் எடுத்த முறையைக் கேளுங்கள். இடம் காலியாகும். துறைத்தலைவர் தன் பழைய குருநாதருக்குப் போன் போடுவார். உங்களிடம் நல்ல பையன் யாராவது இருக்கிறானா என்பார். இருக்கிறான் என்பார் குருநாதர். முடிந்தது நியமனம். விளம்பரம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது. பெண்களை யாரும் நிராகரிக்கவில்லை, பாவம், அவர்களுக்கு விஷயமே தெரியாது. அரசாங்கம் வந்து, காலியிடத்தை நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி விளம்பரம் செய்யுங்கள் ஐயா என்றபோது, கல்விச் சுதந்திரத்தின் கழுத்தில் கத்தி என்று அலறினார்கள். இன்றைக்கு அமெரிக்கப் பேராசிரியர் வேலைக்கு நம்மூர்ப் பிள்ளைகள் விளம்பரம் பார்த்து விண்ணப்பம் போடுகிறார்கள் அல்லவா? அந்த விளம்பரத்தைப் பல்கலைக்கழகங்கள் தாமாகப் போடவில்லை. இந்த அம்மணிகள் போடவைத்தார்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வழக்கறிஞர் ஜீன் கிங்கும் தோழிகளும் 1970 மே மாதம் புகார் கொடுத்தார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், குறைகளைப் பட்டியலிட்டார்கள், புதிய ஒப்பந்தங்களை நிறுத்திவைத்தார்கள். பணம் நின்றது. ஞானம் பிறந்தது. பெண்களுக்கான திட்டத்தை எழுதிக்கொடுத்த முதல் பெரிய பல்கலைக்கழகம் என்ற பெருமை மிச்சிகனுக்கு வந்தது. நூறு ஆண்டுகளாகத் தத்துவத் துறையால் செய்ய முடியாததைக் கணக்குப் பிரிவு சில மாதங்களில் செய்தது.

சத்தம் போடாதே, சட்டம் வருகிறது

ஆணை மட்டும் போதாது என்று புரிந்துகொண்டவர் ஒரிகானைச் சேர்ந்த எடித் கிரீன். காங்கிரஸில் கல்வித் துணைக்குழுவின் தலைவர். 1970 ஜூன், ஜூலையில் ஏழு நாள் விசாரணை நடத்தினார். 1944-இல் ஹார்வர்ட் திருப்பி அனுப்பிய பாலி மர்ரி வந்து சாட்சி சொன்னார். சாண்ட்லரும் சொன்னார். பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பையும் பேச அழைத்தார்கள். உயர்கல்வியில் பாலினப் பாகுபாடே கிடையாது, அப்படியே இருந்தாலும் அது ஒரு பிரச்சினை இல்லை என்று அங்கிருந்து பதில் வந்ததாக சாண்ட்லர் சொல்வார். என் வீட்டில் எலி இல்லை, இருந்தாலும் அது கடிக்காது என்கிற தினுசு. சாட்சியங்களை அச்சிட்டபோது இரண்டு தொகுதிகள், ஏறத்தாழ 1,300 பக்கம் வந்தது. தொகுத்துக் கொடுக்க கிரீன் வேலைக்கு வைத்தது சாண்ட்லரைத்தான். இல்லத்தரசிக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது.

மசோதா வந்தது. ஆதரவு திரட்டட்டுமா என்று பெண்கள் அமைப்புகள் துடித்தன. கிரீன் வாயைப் பொத்தச் சொன்னார். நீங்கள் போய்ப் பேசினால் அவர்கள் படித்துப் பார்ப்பார்கள், படித்தால் புரிந்துவிடும், புரிந்தால் எதிர்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. ஜனநாயக வரலாற்றில் சட்டத்தை நிறைவேற்ற இதைவிடப் புத்திசாலித்தனமான வழியை யாரும் கண்டதில்லை. கீழவையில் பேட்சி மிங்க் கூட நின்றார். மேலவையில் பர்ச் பே பொறுப்பேற்றார். அங்கே 1971-இல் நடந்த விவாதத்தில் மாண்புமிகு உறுப்பினர்களை வாட்டிய கவலை கல்வி அல்ல, கால்பந்து. ஆண்களின் கால்பந்து அணியில் பெண்களைச் சேர்க்கச் சொல்லவில்லை, ஆண்கள் உடைமாற்றும் அறையிலும் சேர்க்கச் சொல்லவில்லை என்று பே உத்தரவாதம் கொடுத்த பிறகே சிலருக்கு மூச்சு வந்தது.

தனியார் கல்லூரிகள் கடைசி வரை இழுத்தன. இளங்கலைச் சேர்க்கையில் விலக்கு வாங்கிக்கொண்டுதான் விட்டன. 1972 ஜூன் 23 அன்று நிக்சன் கையெழுத்திட்டார். அன்று அவர் விட்ட அறிக்கையின் பெரும்பகுதி கறுப்பு, வெள்ளைக் குழந்தைகளைப் பேருந்தில் ஏற்றிப் பள்ளி மாற்றுவதைப் பற்றியது. கையெழுத்துப் போட்ட சட்டத்தில் பெண்களுக்கு என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. கிரீனின் மௌன விரதம் அதிபர் வரைக்கும் பலித்துவிட்டது. அந்தச் சட்டப்பிரிவின் பெயர் டைட்டில் நைன். ஆங்கில மூலத்தில் மொத்தமே 37 சொற்கள். மத்திய அரசின் பணம் வாங்கும் கல்வித் திட்டத்தில் பாலினத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது, அவ்வளவுதான். அதே ஆண்டில் ஏழாம் பிரிவின் விலக்கும் போயிற்று, சம ஊதியச் சட்டத்தின் விலக்கும் போயிற்று.

மீன் தொட்டியும் அளவு நாடாவும்

சட்டம் வந்ததும் எல்லாம் சுபம் என்று முடிக்க ஆசைதான். ஆனால் மாசசூசெட்ஸின் எம்ஐடி இடையில் வருகிறது.

அங்கே நான்சி ஹாப்கின்ஸ் மூலக்கூறு உயிரியல் பேராசிரியை. வரிக்குதிரை மீன் என்ற சின்ன மீனை வளர்த்து ஆராயப் போனார். தொட்டி வைக்க 200 சதுர அடி கூடுதலாகக் கேட்டார். கிடைக்கவில்லை. உங்களுக்கு இருக்கிற இடமே மற்றவர்களுக்குச் சமம்தான் என்றார்கள். ஹாப்கின்ஸ் விஞ்ஞானி அல்லவா, வாய்மொழியை நம்பவில்லை. இரவு நேரம், கட்டடத்தில் ஆளரவம் அடங்கிய பிறகு, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஆய்வகம் ஆய்வகமாக அளந்தார். அவருக்கு 1,500 சதுர அடி. அவர் தகுதியில் இருந்த ஆண் பேராசிரியர்களுக்குச் சராசரி 3,000. நேற்று வேலைக்கு வந்த இளைஞர்களுக்கே 2,000.

1994-இல் மேரி லூ பார்டியு என்ற மூத்த விஞ்ஞானியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவருக்கும் அதே கதை. இருவரும் மற்றப் பெண்களைத் தேடிப் போனார்கள். தேடுதல் வேட்டை சீக்கிரமே முடிந்தது. அறிவியல் புலத்தில் நிரந்தரப் பேராசிரியைகள் மொத்தம் 15 பேர், ஆண்கள் 200-ஐ ஒட்டி. அவர்களில் பலரும் தனித்தனியே தங்கள் ராசி சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நிர்வாகம் குழு அமைத்தது, இடம், சம்பளம், பொறுப்புகள் எல்லாவற்றையும் கணக்கெடுத்தது. 1999-இல் அறிக்கை வெளியானது. எம்ஐடி தலைவர் சார்ல்ஸ் வெஸ்ட் அதற்கு எழுதிய குறிப்பில், இந்தப் பாகுபாடு பாதி நிஜம், பாதி மனப்பிரமை என்று நினைத்திருந்தேன், நிஜத்தின் பங்குதான் மிக அதிகம் என்று இப்போது புரிகிறது என ஒப்புக்கொண்டார். ஒரு பல்கலைக்கழகத் தலைவர் இப்படி எழுதியது அங்கே முதல் பக்கச் செய்தி ஆயிற்று. அளவு நாடாவுக்கு அஞ்சாத அறிஞர் இல்லை.

பலஸ்ருதி

மேரிலாண்டின் அந்த ஏழு இடங்களில் ஒன்றும் கடைசி வரை சாண்ட்லருக்குக் கிடைக்கவில்லை. 2019-இல் தொண்ணூறாவது வயதில் இறந்தபோது, டைட்டில் நைனின் ஞானத்தாய் என்று பத்திரிகைகள் எழுதின. கொஞ்சம் ஓவர் என்று ஒருவரும் எழுதவில்லை.

இந்தக் கதையில் எந்தப் பல்கலைக்கழகமும் மனம் கசிந்து மாறவில்லை. எண்ணிக் காட்டியபோது எம்ஐடியைத் தவிர மற்றவை மறுத்தன, பணத்தை நிறுத்தியபோது மாறின. இதைப் படித்துவிட்டு, கல்வி மனிதனைத் தானாகவே நல்லவனாக்கும் என்று யாராவது சொன்னால், அவர் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்திருக்க மாட்டார்.

எடித் கிரீன் ஆணையோடு நிற்காமல் சட்டம் வேண்டும் என்று ஏன் அடம்பிடித்தார் என்பதற்கான பதில் ஐம்பத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து வந்தது. 2025 ஜனவரி 21 அன்று அதிபர் டிரம்ப் ஒரு கையெழுத்தில் 11246-ஆம் எண் ஆணையை ரத்து செய்தார். அதிபர் கொடுத்ததை அதிபர் எடுத்துக்கொண்டார், யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. டைட்டில் நைனை அப்படி எடுக்க முடியாது. அதற்குக் காங்கிரஸ் கூடி வாக்களிக்க வேண்டும். சத்தமே போடாமல் நிறைவேற்றிய அந்த 37 சொற்கள் இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன.